ஒரு பக்கம் பாலிஷ் போட்ட கோட்

ஆரணி
2 மே 2025

தம்பி ஹேமநாத் அவர்களுக்கு,

சடையப்பன் எழுதுவது. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பெண் பார்க்க வந்த வீட்டுக்காரன். நீங்கள் தினமும் போன் செய்கிறீர்கள், நான் எடுப்பதில்லை. கோபத்தால் அல்ல. போனில் பேசினால் கடைசியில் "சரி, பாக்கலாம்" என்று சொல்லித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. இப்போது அப்படிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். இரண்டு வீட்டாரும் வேறு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

சித்திரை மாதம், உச்சி வெயில். நீங்கள் பழுப்பு நிறக் கோட்டும் அதே துணியில் பேண்ட்டும் போட்டுக்கொண்டு இறங்கினீர்கள். துணி முழுக்க மேலிருந்து கீழ்வரை, உழுத நிலம் மாதிரி வரி வரியாக இருந்தது. கோட் என்றால் உள்ளே சட்டை, கழுத்தில் டை, காலில் முகம் பார்க்கிற மாதிரி ஷூ என்று கல்யாண ஆல்பங்களில் பார்த்திருக்கிறோம். உங்களுக்கு உள்ளே வெள்ளைப் பனியன். அது டீ-ஷர்ட் என்று என் மகள் பிறகு திருத்தினாள். காலில் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டு வகுப்புக்குப் போடுகிற கேன்வாஸ் ஷூ. மேலே கவர்னர், உள்ளே குளிக்கப் போகிறவர், கீழே ஆறாம் வகுப்பு. என் மனைவி திலகவதி என் காதில், "டிரெஸ் பண்ணிகினு இருக்கும்போதே பஸ் வந்துடுச்சா, இன்னா?" என்று கேட்டாள்.

காபியை நீங்கள் உறிஞ்சிய சத்தம் பக்கத்து வீட்டுப் பவர்லூமைத் தாண்டிக் கேட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

இந்த ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் நலம் விசாரிப்பதில்லை. உடுத்தியிருக்கும் துணியை இரண்டு விரலில் பிடித்து ஒரு தேய் தேய்ப்போம், பிறகுதான் நலம். என் அண்ணன் பரசுராமன் அப்படித்தான் உங்கள் கைப்பக்கத்தைப் பிடித்தார். "தறியில இழ வுட்டுப் போயிருக்குதுப்பா. இவ்ளோ வுட்டுப்போன துணிய உன் தலையில கட்டிட்டானே, எந்தக் கட?" என்று கேட்டார். அதில் இருந்தது பரிவு. நீங்கள் சிரித்தீர்கள். "இல்லைங்க, இது இப்படித்தான் வரும். உங்களுக்குப் பட்டு தெரியும், இது வேற" என்றீர்கள். நாற்பது வருடம் துணியோடு வாழ்ந்தவரிடம் பத்துப் பேர் முன்னால் அப்படிச் சொன்னீர்கள். அண்ணன் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். இன்னும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அவர் முன்னால் நிற்காமல் என் வீட்டில் ஒரு காதுகுத்துகூட நடந்ததில்லை.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

எங்கள் வகையில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் கூடவில்லை என்றால் அந்த வீட்டிலிருந்து வந்த பொருள் எதுவும் பெண் வீட்டில் தங்கக்கூடாது. அதைத் திருப்பி அனுப்பிய பிறகுதான் அடுத்த வரனைப் பார்ப்போம். நீங்கள் கொண்டுவந்த மாம்பழங்கள் இப்போது திருப்பித் தரும் நிலையில் இல்லை, வேறு வாங்கி அனுப்புகிறேன். மீதி இருப்பது வெயில் தாங்காமல் நீங்கள் கழற்றி நாற்காலியில் மாட்டி மறந்துபோன கோட். பட்டுச் சேலை விற்கிற எங்கள் வீட்டிலிருந்து எந்தத் துணியும் பாலிஷ் போட்டுச் சுருக்கம் எடுக்காமல் வெளியே போனதில்லை. போட்டதும் பார்சலில் வரும்.

இப்படிக்கு,
சடையப்பன்


கோத்தகிரி
7 மே 2025

மதிப்பிற்குரிய ஐயா,

கடிதம் கிடைத்தது. தங்கள் மகள் எனக்கு ஒரே ஒரு செய்தி அனுப்பினார்: "அப்பாவுக்கு லெட்டர் எழுதுங்க. போன்ல அவர் ஜெயிச்சிடுவார். லெட்டர்ல நியாயமா இருப்பார்." அதற்குப் பிறகு, நீங்கள் சம்மதிக்கும்வரை பேசமாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். ஆகவே எழுதுகிறேன்.

பெரியவரிடம் நான் சிரித்தது தவறு. சொன்னது சரியாக இருக்கலாம், சிரித்தது தவறு. எனக்கு நடுக்கமாக இருந்தால் சிரிப்பு வரும். என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்றைக்கும் சிரித்தேன், அப்பாவிடம் அறை வாங்கினேன். பெரியவருக்கு ஒரு தனித் தாளில் மன்னிப்பு எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன்.

காபிச் சத்தத்துக்கும் விளக்கம் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் நான் தரம் பார்க்கிறவன். தேநீரைச் சத்தமாக உறிஞ்சினால்தான் ருசி நாக்கு முழுக்கப் பரவும். ஒரு நாளைக்கு நூறு கோப்பை அப்படிக் குடிக்கிறேன். காபியிலும் பழக்கம் போகவில்லை. நீங்கள் துணியைத் தேய்ப்பது மாதிரிதான் இதுவும்.

இனி கோட். பெண் பார்க்கப் போகிறாய், சூட் போடு என்று போளூரிலிருந்து அம்மா சொன்னார். டை கட்டி, ஷூ பளபளக்க வந்தால் பாலிசி எடுக்கச் சொல்லி வந்தவன் மாதிரி இருப்பேன் என்று பயந்தேன். அந்த வரி வரியான துணிக்குக் கார்டுராய் என்று பெயர், சூட் வகைகளிலேயே விறைப்பு இல்லாதது. அதற்கு டை கட்டினால் தலைமை ஆசிரியரின் பிரிவு உபசார விழா ஆகிவிடும். ஆகவே உள்ளே சாதாரண டீ-ஷர்ட், மேலே பொத்தான் போடாமல் திறந்த கோட், காலில் மினுக்காத ஷூ. இதுதான் அதை இயல்பாக உடுத்தும் முறை. அக்கறை இல்லாதவன் போலத் தெரிய ஒரு வாரம் அக்கறையாகக் கண்ணாடி முன் நின்றேன். ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. இங்கே சித்திரையிலும் போர்வை வேண்டும். கோத்தகிரியில் ஏறும்போது அது உடை, ஆரணியில் இறங்கும்போது அது தண்டனை.

மாடியில் நானும் தங்கள் மகள் தேவிப்ரியாவும் பேசியதை நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன். "இந்தக் கோட்டு கைல எத்தன வரி இருக்குதுன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "நீங்க பேசிகினு இருக்கும்போதே எண்ணிட்டேன்" என்றார். கம்ப்யூட்டரில் சேலைக்குப் புட்டா டிசைன் போடுகிறவருக்கு அது வேலைப் பழக்கம் என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்க எனக்கு மனம் இல்லை.

கோட்டை அனுப்ப வேண்டாம். அது அங்கே இருக்கும்வரை எனக்கு ஒரு காலாவது உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

பணிவுடன்,
ஹேமநாத்


ஆரணி
15 மே 2025

தம்பி,

மன்னிப்புத் தாளை அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். படித்தாரா தெரியவில்லை, ஆனால் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் வழக்கப்படி அதைக் கவனிக்க வேண்டும்.

பொது அறிவுக்காக ஒன்று கேட்கிறேன். கார்டுராய்த் துணிக்குச் சூடும் அழுத்தமும் ஒத்துக்கொள்ளுமா? அவசரம் ஒன்றும் இல்லை. இந்த வாரத்துக்குள் பதில் வந்தால் நல்லது.

பொது அறிவு என்று எழுதிவிட்டேன். இதற்கு மேல் மறைப்பதும் அழகில்லை.

ஜெயவேல் என்று எங்கள் தெருவில் பட்டுச் சேலைக்கு பாலிஷ் போடுகிறவர் இருக்கிறார். கசங்கிய சேலையை இரண்டு சூடான இரும்பு உருளைகளுக்கு நடுவில் விட்டால் அந்தப் பக்கம் புதுசாக வரும். உங்கள் கோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "இன்னாண்ணா இது, காலர்லேர்ந்து கீழ வரைக்கும் ஒரே சுருக்கமா இருக்குது. துவைச்சவன் யாரு, பாவி?" என்றார். எனக்கும் அது நியாயமான கேள்வியாகவே பட்டது. "கவலய வுடுண்ணா, ஒரு சுருக்கம் இல்லாம எடுத்துத் தரேன்" என்றார். ஜெயவேல் சொன்ன சொல் தவறாதவர். பொத்தான்களைக்கூட முதலிலேயே பிரித்துத் தனியாகப் பொட்டலம் கட்டினார், அவ்வளவு ஜாக்கிரதை.

தேவிப்ரியாவுக்கு எப்படித் தெரிந்ததோ, ஸ்கூட்டரை ஸ்டாண்டுகூடப் போடாமல் தள்ளிவிட்டு உள்ளே ஓடிவந்தாள். "அண்ணா, நிறுத்துங்க! அது சுருக்கம் இல்ல, அதான் துணியே!" என்று மோட்டாரை நிறுத்தினாள். அதற்குள் வலப் பாதி உள்ளே போய் அந்தப் பக்கம் வந்திருந்தது. இடப் பாதி இன்னும் உழுத நிலம். வலப் பாதி நெல் அடிக்கப் பெருக்கி வைத்த களம், மினுமினு என்று இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே கோட்டுக்குள் இரண்டு பேர் நிற்பது போலத் தெரிகிறது.

"சுருக்கம் போச்சா இல்லையா, அத்த மட்டும் சொல்லுங்க" என்று ஜெயவேல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். போய்விட்டது என்றுதான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது பேஜார் என்னவென்றால், பழுதான துணியைத் திருப்பி அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. புதிது வாங்கித் தரலாம் என்றால், வந்த பொருளேதான் போக வேண்டும். மாம்பழத்துக்கு மட்டும்தான் விலக்கு. ஆகவே கோட் அனுப்பப்படவில்லை. அனுப்பாததால் சம்பந்தம் முறியவும் இல்லை. நேற்றுத் தரகர் காஞ்சிபுரத்து வரன் ஒன்றைச் சொன்னார். முந்தின வரனின் கோட் வீட்டில் இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவர் என்னைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை.

இதைச் சரிசெய்ய வழி இருந்தால் எழுதவும்.

சடையப்பன்


கோத்தகிரி
20 மே 2025

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, மறுபடி எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிடம் போனில் சொன்னேன். சிரிப்பை அடக்கிய பிறகு அம்மா கேட்டார்: "சரியாவுமா, ஆவாதா?" ஆகும் என்றேன். "ஆவாதுன்னு எழுதிடு. உனக்கு இன்னா வந்தது? கோட்டு அங்கயே கெடக்கட்டும். அது கெடக்கிற வரைக்கும் அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாக்க மாட்டாங்க. ஒரு வருசம் கெடந்தா அவங்களே கூப்ட்டுக் குடுத்துடுவாங்க." கிருஷ்ணம்மாள் என்பது என் அம்மாவின் பெயர். ஊரில் பல பேருக்கு யோசனை சொல்கிறவர்.

முதல் கடிதத்தை அம்மா சொன்னபடி எழுதினேன். தேவிப்ரியாவிடம் என்றைக்காவது இதைச் சொல்ல வேண்டி வருமே என்று கிழித்தேன்.

உண்மை இதுதான். சரிசெய்யலாம். அந்த வரிகள் மடிப்பு அல்ல. துணியில் எழுப்பி விட்ட ரோமம், அவ்வளவுதான். உருளை அதைப் படுக்க வைத்திருக்கிறது, அழிக்கவில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்து, கோட்டின் உள்பக்கத்திலிருந்து ஆவி வரும்படி பிடிக்க வேண்டும். துணி நனையக்கூடாது, வெதுவெதுப்பாக ஈரம் கோத்தால் போதும். உடனே மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாக, ரோமம் படுத்திருக்கும் திசைக்கு எதிராக, வரி வரியாகச் சீவ வேண்டும். நிழலில் தொங்கவிட்டு ஆறியதும் மறுபடி அதையே செய்ய வேண்டும். நாலைந்து தடவை ஆகும். முகப்புப் பக்கம் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது.

இப்படிச் செய்தால் கோட் பழையபடி ஆகிவிடும். ஆகிவிட்டால் நீங்கள் அதை அனுப்பிவிடுவீர்கள். அது வரும் நாளில் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பார்சல் வந்தால் எனக்குப் பிரிக்கத் தைரியம் இருக்காது. அம்மாவின் முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன், போளூருக்கே அனுப்பிவிடுங்கள்.

ஹேமநாத்


ஆரணி
2 ஜூன் 2025

தம்பி,

கிடைத்தது. நீங்கள் எழுதியபடியே செய்தோம்.

இட்லிக் குண்டானைக் கேட்டதற்கு, "மாப்பிள்ள கோட்ட வேகவெச்ச குண்டான்ல நான் நாளைக்கு இட்லி ஊத்தணுமா?" என்று திலகவதி மறுத்துவிட்டாள். மாப்பிள்ளை என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், எடுத்துச் சொல்லவில்லை. சமையல்காரரிடம் கல்யாண அண்டா ஒன்று வாங்கிவந்து கொல்லையில் அடுப்பு மூட்டினோம். ஜெயவேல் பரிகாரமாக விறகு தள்ளினார். நான் கோட்டைப் பிடித்துக்கொண்டேன். தேவிப்ரியா புதுப் பல் பிரஷ் ஒன்றை எடுத்து உட்கார்ந்தாள்.

அவள் சீவியதைப் பார்த்தேன். ஆபீசிலிருந்து வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு கோட்டோடு உட்காருவாள். நான் ஒருநாள், "போதும் வுடும்மா, அனுப்பப் போற பொருளுதானே" என்றேன். அவள் நிமிரவில்லை. "சரியாச்சுன்னா நீங்க அனுப்பிடுவீங்கன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் எழுதிட்டார். எனக்கும் தெரியும். தெரிஞ்சும் சீவிகினு இருக்கேன். எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சது உங்களுக்கு மட்டும் தெரியலன்னா நான் இன்னாப்பா பண்றது?" என்றாள். வியாபாரத்தில் எனக்கு இப்படிப் பேசத் தெரிந்திருந்தால் சென்னையில் கடை வைத்திருப்பேன்.

கோட் சரியாகிவிட்டது.

சரியாகிவிட்டதா என்று பார்க்க அதற்குள் ஒரு ஆள் இருக்க வேண்டும். ஜெயவேலுக்குத் தோள் பத்தவில்லை. ஆகவே நான் போட்டுப் பார்த்தேன். வேட்டி, கை வைத்த பனியன், மேலே கோட். பொத்தான்கள் இன்னும் பொட்டலத்தில் இருந்ததால் திறந்தபடிதான். கண்ணாடியில் பார்த்துவிட்டு உடனே கழற்றிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்த நேரத்தில் களம்பூர் அரிசி மில்காரர் மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்துவிட்டார். அப்படியே உட்கார்ந்து வியாபாரம் பேசினேன். அவர் பேரம் பேசவில்லை. வழக்கமாகப் பேசுகிறவர். போகும்போது கைப்பக்கத்தைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டுச் சரக்குங்களா?" என்றார். கோத்தகிரி என்றேன்.

ஆகவே இப்போது ஒரு கேள்வி. என் வயதுக்காரர் இதை வேட்டியோடு போட்டால் எப்படிப் போட வேண்டும்? இதுவும் பொது அறிவுக்குத்தான்.

சடையப்பன்


கோத்தகிரி
7 ஜூன் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

கோட் சரியானதில் எனக்கு மகிழ்ச்சி என்று எழுதினால் பொய். தேவிப்ரியா சீவியதில் மகிழ்ச்சி.

கேள்விக்குப் பதில். கார்டுராய் சூட்டில் கோட்டும் பேண்ட்டும் எப்போதும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தனித்தனியாகப் பிரித்துப் போடுவதுதான் இன்னும் இயல்பு. கோட்டை வேறு எதனோடும் போடலாம், பேண்ட்டை வெறும் சட்டையோடு போடலாம். வேட்டியோடு போடுவதானால் சரிகைக் கரை வேண்டாம், இரண்டும் ஒன்றையொன்று முறைக்கும். ஒற்றை நிறக் கரை நல்லது. கை வைத்த பனியனுக்குப் பதில் கழுத்துப்பட்டை இல்லாத பருத்திச் சட்டை, வெள்ளை அல்லது வெந்தய நிறம். பொத்தான் போட வேண்டாம். கையை ஒரு மடிப்பு மடித்து விடலாம். செருப்பு தோல் செருப்பாக இருக்கட்டும், மினுக்க வேண்டாம். முக்கியமான ஒன்று, கண்ணாடியை ஒரு தடவைக்கு மேல் பார்க்கக்கூடாது. பார்த்தால் முகத்தில் தெரிந்துவிடும்.

பார்சல் எப்போது வரும் என்று ஒரு வரி எழுதினால் போதும். தபால்காரரைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. அது எந்தச் சிரிப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

ஹேமநாத்


ஆரணி
16 ஜூன் 2025

தம்பி,

வெந்தய நிறச் சட்டை, மெரூன் கரை வேட்டி, தோல் செருப்பு, கை ஒரு மடிப்பு. கண்ணாடியை இரண்டு தடவை பார்த்தேன், மன்னிக்கவும். இப்படிப் போட்டுக்கொண்டு நேற்று அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணன் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். கொஞ்ச நேரம் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். கடைசியில் ஒரு கை வந்துவிட்டது. வலப்பக்கம், ஜெயவேல் உருளையில் விட்ட அதே இடம். பிடித்துத் தேய்த்தார். மறுபக்கம் திருப்பி உள்ளேயும் தேய்த்தார்.

"இழ வுட்டுப் போனது இல்ல இது" என்றார். "அன்னிக்கே சொன்னேனே, யாரு கேட்டீங்க?"

அறையில் அண்ணி இருந்தார், நான் இருந்தேன். இருவரும் மறுக்கவில்லை.

"பையன் இன்னும் காத்துகினு இருக்கானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்பறம் இன்னாத்துக்கு இவ்ளோ நாளு இழுத்தடிக்கற? ஜல்தியா நாள் பாரு. எல்லாத்துக்கும் நானே வந்து நிக்கணும்னா எப்பிடி?" என்று என்னைக் கடிந்துகொண்டார். உங்கள் மன்னிப்புத் தாள் அவர் சட்டைப் பையில் மடித்து இருந்தது, மேல் ஓரம் தெரிந்தது. பிறகு, காபிக்கொட்டை நிறத்தில் இது கிடைக்குமா என்று விசாரிக்கச் சொன்னார். அவருக்கு மார்பளவு நாற்பத்திரண்டு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். திலகவதி சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தேவிப்ரியா பொத்தான் பொட்டலத்தை எடுத்து வந்து கோட்டில் தைக்க உட்கார்ந்தாள். நான் கொல்லைப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். ஒன்றரை மாதமாக என் தோள் மேல் என்ன இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அது கோட் அல்ல.

இனி வழக்கத்துக்கு வருகிறேன். கோட்டும் பேண்ட்டும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, தனித்தனியாகப் போடுவதுதான் இயல்பு என்று நீங்களே எழுத்து மூலம் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் விருப்பப்படியே ஆகட்டும். பேண்ட் உங்களிடம் இருக்கட்டும். கோட்டை நான் திருப்பித் தருவதாக இல்லை.

திருப்பித் தராவிட்டால் என்ன அர்த்தம் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும். வருகிற ஞாயிறு அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். காபி தயாராக இருக்கும், எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் குடிக்கலாம். கடிதத்தில் இனி "மதிப்பிற்குரிய ஐயா" வேண்டாம், வரி ஆபீசிலிருந்து வந்தது மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

வெயிலில் கோட் போட்டு வந்ததைப் பற்றி முன்பு நான் எழுதியதையும் அடித்துவிடுங்கள். நான் தினமும் போடுகிறேன். அப்படி ஒன்றும் புழுக்கம் இல்லை.

உங்கள் மாமா,
சடையப்பன்


கோத்தகிரி
19 ஜூன் 2025

மாமா,

அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, யோசனை சொன்னதே தான்தான் என்று போளூர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மறுக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை வருகிறோம். அந்தப் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வருகிறேன், மேலே வெள்ளைச் சட்டை, பொத்தான் முழுக்கப் போட்டு. பெரிய மாமா தேய்த்துப் பார்க்க வசதியாக முதலில் அவர் வீட்டு வாசலில் இறங்குகிறேன். சிரிப்பு வந்தால் அடக்கப் போவதில்லை, இது வேறு சிரிப்பு.

காபிக்கொட்டை நிறம், மார்பளவு நாற்பத்திரண்டு, கோயம்புத்தூரில் சொல்லி வைத்திருக்கிறேன். தயவுசெய்து ஜெயவேல் அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

ஹேமநாத்